வெடிபொருட் கைத்தொழிலும் பாதுகாப்பறிஞரும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ யாம் எழுதுவோமென்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவன் வெடிபொருளைப் பற்றி எழுதப் புகுந்தால், 'இவருக்கு இதில் என்ன வேலை?' என்று பழைய மாணவர் வினவுதல் இயல்பே. ஆதலின் இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் எம் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து எம்மைக் கண்டார். கீழ்வகுப்பில் எம்மிடம் தமிழ் பயின்றவர். பின்னர் விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்து பொறியியலாளராயினார். இப்பொழுது கல்லுடைக்கும் இடங்களுக்கும் வெடிபொருள் செய்யும் ஆலைகளுக்கும் பாதுகாப்பு ஆலோசனை கூறுவதே அவர் தொழில். 'தம்பி, அது என்ன உத்தியோகம்?' என்று கேட்டோம். 'அதைத்தான் சேர், அம்மாவுக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஒன்றும் நடவாமலிருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். ஒன்றும் நடவாவிட்டால் நான் என்ன செய்தேன் என்று எவருக்கும் தெரியாது' என்றார். அவ்விடை எம்மை விட்டு நீங்கவில்லை. அவர் விட்டுச் சென்ற நூல்களையும் பிறவற்றையும் சில மாதம் படித்தோம். படித்தவற்றுள் மாணவருக்கும் பழைய மாணவருக்கும் பயன்படுமெனக் கண்டவற்றை ஈண்டுத் தருகின்றோம். வெடி என்ற சொல் எம் தலைமுறையினர் நெஞ்சில் எழுப்பும் நினைவுகள் வேறு; அவற்றைப் பேச யாம் வரவில்லை. வெடிபொருளைச் செய்யும் ஆலையும், அதனை வைக்கும் களஞ்சியமும், அங்கே நின்று வேலை செய்யும் மனிதருமே எம் பொருள்.

இப்பொருள் எமக்கு முற்றும் புதியதுமன்று. யாழ்ப்பாணத்துக் கிணறு மண்ணிலே தோண்டப்படுவது சிறிது. கல்லிலே உடைக்கப்படுவதே பெரிது. மேலே சிலவடி செம்மண், அதன்கீழ்ச் சுண்ணாம்புக்கல். அலவாங்கு சோர்ந்த இடத்திற் கல்லைத் துளைத்து, மருந்திட்டு, திரி வைத்து, களிமண்ணால் இறுக்கி வெடிக்கச் செய்வர். எம் பாட்டனார் காலத்தில் எம்மூரில் இத்தொழில் செய்த முதியவர் ஒருவரைப் பற்றி அவர் அடிக்கடி கூறுவார். அம்முதியவர் மருந்தை இறுக்குவதற்கு மரக்கோலன்றி வேறொன்றையுங் கையால் தொடமாட்டார். இரும்பு கல்லில் உரசினாற் பொறி பறக்குமென்பது அவர் கண்டறிந்த உண்மை. ஒருநாள் எம் பாட்டனார் வளவிற் கிணறு வெட்டும்பொழுது, வைத்த வெடி மூன்றனுள் ஒன்று தீரவில்லை. திரி நனைந்துவிட்டது என்றே எல்லாருங் கருதினர். கூலியாட்கள் காத்திருந்தனர்; அன்றைக் கூலி வீணாகின்றது; எம் பாட்டனாரும் பொறுமை இழந்தார். முதியவரோ கிணற்றின் வாயிற் பனைமட்டை இரண்டைக் குறுக்கே போட்டுவிட்டு, 'நாளைக்குக் காலமை பார்ப்பம்' என்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாட் காலையிற் பார்த்தபொழுது திரி நனைந்தேயிருந்தது. அவரை ஊரார் நெடுநாள் நகையாடினர் என்று பாட்டனாரும் நகைத்துக்கொண்டே கூறுவார். யாமும் சிறுவராய் உடன் நகைத்தோம். தவறிய வெடியை உடனே அணுகலாகாது என்பது உலகெங்குமுள்ள சுரங்க விதிகளுள் முதன்மையான ஒன்று என்பதை இப்பொழுதுதான் அறிந்தோம்.

இடையே சொல்லைப் பற்றி ஒரு சொல். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு ஏறத்தாழச் சேர்ந்த அக்கறுப்புத் தூளை எம்மவர் 'மருந்து' என்றே வழங்கினர். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, பாறைக்கு வைப்பதும் மருந்து. அளவறிந்து, காலமறிந்து, கைப்பழக்கமுடையோர் மாத்திரம் இடவேண்டிய பொருளென்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாயிருத்தல் நோக்கத்தக்கது.

வெடிபொருளின் தன்மையைச் சுருக்கமாகக் கூறுவோம். விறகு எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும். காற்றை அடைத்தால் தீ அவியும். வெடிபொருளோ எரிவதற்குரியதையும் எரிப்பதற்குரிய ஒட்சிசனையும் தன்னுள்ளேயே கொண்டது. ஆகவே அதனை மூடி அடைத்தால் தீ அவிவதற்குப் பதிலாகச் சினம் மிகும். கறுப்புமருந்து மிக விரைவாக எரிவதன்றி வேறன்று. தைனமைற்று முதலிய வல்வெடிகளில் ஓர் அதிர்ச்சியலை ஒலியினும் விரைந்து பொருளினூடே பாய்ந்து அதனை ஒருகணத்தில் வாயுவாக்கிவிடும். வெடித்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே இக்கைத்தொழிலிற் பாதுகாப்பு என்பது முழுவதும் முன்னே செய்யப்படுவது: ஓரிடத்தில் வைக்கும் அளவைச் சுருக்குதல், ஒன்றுக்கொன்று இடைத்தூரம் விடுதல், அங்கு நிற்கும் மனிதரின் தொகையைக் குறைத்தல். இம்மூன்றனுள் இடைத்தூரத்துக்கு ஒரு கணக்குண்டு. 1915ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பேராசிரியர் பேட்ரம் ஹொப்கின்சன் காட்டிய விதியின்படி, வெடிப்பலையின் தாக்கம் எட்டுந் தூரம் பொருளின் நிறையின் கனமூலத்தைப் பொறுத்து வளரும். நிறை எட்டு மடங்கானால் தூரம் இருமடங்காதல் வேண்டும். கணித வகுப்பு மாணவர் இதனை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக. அமெரிக்கர் இதற்கும் முன்னரே, 1910ஆம் ஆண்டளவில், அதுவரை நிகழ்ந்த வெடிவிபத்துகளின் பதிவுகளையெல்லாந் திரட்டி, இன்ன நிறைக்கு இன்ன தூரமென ஓர் அட்டவணை வகுத்துவிட்டனர். அவ்வட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் எங்கோ இடிந்த கட்டடமொன்று கிடக்கின்றது.

ஆயினும் கணக்குக்கு முன்னரே கண்ணாற் கண்டு செய்த பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவின் தெலவெயர் நாட்டிலே பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் மருந்தாலை நிறுவியவர் இரெனே து பொன் என்னும் பிரெஞ்சுக்காரர். புகழ்பெற்ற இரசாயனர் இலவோசியரிடம் தொழில் பயின்றவர். அவர் தம் ஆலையை ஒரே கட்டடமாகக் கட்டவில்லை. ஒன்றுக்கொன்று விலகிய சிறு கட்டடங்களாகக் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் பருத்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காம் பக்கமும் கூரையும் மெல்லிய மரம். வெடித்தால் வேகம் மரத்தைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகும், அயற்கட்டடந் தப்பும். உள்ளே நின்றவன் தப்பான். அங்கே வெடியில் இறந்தவனை 'ஆற்றைக் கடந்துவிட்டான்' என்று தொழிலாளர் கூறுவது வழக்கமாம். 1818இல் ஒரே நாளில் 30க்கு மேற்பட்டோர் ஆற்றைக் கடந்தனர். உரிமையாளரின் வீடும் ஆலை காணும் தூரத்திலேயே இருந்தது. 1857இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் து பொன்னும் ஆலை வெடியிலேயே மாண்டார். புதிய ஆலையொன்றில் உரிமையாளர் குடும்பத்தவர் ஒருவர் முதலில் இயக்கிக் காட்டியபின்பே தொழிலாளி புகவேண்டுமென்று விதி வகுத்திருந்ததாக அந்நிறுவனத்தார் தம் வரலாற்றிற் கூறுவர். இலாபம் பெறுவோனும் அபாயத்தில் நிற்றல் வேண்டுமென்னும் இவ்விதியினும் சிறந்த ஆலோசகர் எவருமில்லையென்பது எம் கருத்து. ஆயின் நிறுவனங்கள் வளர வளர, உரிமையாளர் ஆலையினின்றும் தொலைவிற் போயினர். அந்த இடைவெளியிலேதான் பாதுகாப்பறிஞர் என்னும் புதிய தொழிலாளர் தோன்றினர்.

அவர் தோன்றிய வரலாற்றைப் பிரித்தானியாவிற் காணலாம். 1846இற் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் பஞ்சை நைத்திரிக்கமிலத்திலும் சல்பூரிக்கமிலத்திலும் தோய்த்து வெடிபஞ்சு செய்யும் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பாவர்ஷாம் என்னும் ஊரில் அதனைச் செய்யத் தொடங்கிய ஆலை வெடித்து ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். அந்நாட்டில் அத்தொழில் பல்லாண்டு கைவிடப்பட்டது. பொருள் ஏன் தானாகவே கெட்டு வெடிக்கின்றது என்பதைக் கண்டறிந்தவர் போர்த் திணைக்களத்தின் இரசாயனர் பிரெடரிக் ஏபெல். பஞ்சின் இழை உட்டுளையுடையது. மேலே எத்துணை கழுவினும் அத்துளையுட் சிறிதளவு அமிலம் தங்கும். தங்கிய அமிலம் பஞ்சை மெல்ல மெல்ல அழித்து வெப்பமேற்றும். இதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. கடதாசி செய்வோர் கந்தையை அரைப்பதுபோல வெடிபஞ்சைக் கூழாக அரைத்துப் பின்பு கழுவுதல். 1865இல் இம்முறைக்கு உரிமம் பெற்றார். அமிலம் நீங்கிற்றோ என்று அறியச் சூட்டுச் சோதனையொன்றையும் வகுத்தார்.

எல்லாம் நன்று. ஆயின் 1871 ஆகஸ்ட் 11ஆந் திகதி ஸ்டோமார்க்கெட் என்னும் ஊரில், இம்முறைப்படியே செய்து, சோதனையிலுந் தேறிய வெடிபஞ்சு களஞ்சியத்தில் வெடித்தது. 28 பேர் இறந்தனர். எஞ்சிய பெட்டிகளைத் தீயினின்றும் அகற்ற ஓடிய உரிமையாளர் குடும்பத்தினர் இருவரும் இரண்டாம் வெடியில் மாண்டனர். விசாரணையில் வெளிப்பட்டது வியப்பானது: சோதனையிலே தேறியபின், இன்னாரென்று அறியப்படாத எவரோ அப்பஞ்சிற் சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்திருந்தனர் என்பதே யூரிமாரின் தீர்ப்பு. பகையோ அறியாமையோ தெரியவில்லை. அறிஞருக்கு இதிற் கிடைத்த பாடம் மாத்திரந் தெளிவு. சோதனைச்சாலையில் அறிஞர் கண்டது ஒரு பிடி பஞ்சு. களஞ்சியத்திற் கிடப்பதோ பல தொன். சோதித்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே என்ன நிகழ்ந்ததென்று ஆலைக்குட் சென்று பார்ப்போன் ஒருவன் வேண்டும்.

அப்பணிக்கு அவ்வாண்டிலேயே அரசினரால் நியமிக்கப்பட்டவர் பீரங்கிப் படையைச் சேர்ந்த விவியன் மஜெண்டி. அவர் ஆலை ஆலையாகச் சென்றார். அக்காலத்திலிருந்த சட்டம் வலிமையற்றது. அதனை மாற்றுமாறு அவர் எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே நிகழ்ந்தது இலண்டன் விபத்து. 1874 ஒக்டோபர் 2ஆந் திகதி விடியற்காலை, ரீஜன்ற் கால்வாயில் 'தில்பரி' என்னும் ஓடம் ஏறத்தாழ 5 தொன் மருந்தை ஏற்றிச் சென்றது. அதே ஓடத்திற் பெற்றோலியத்தினின்றும் வடித்த ஆவியாகும் எண்ணெயும் இருந்தது. எண்ணெயின் ஆவி தீயைத் தொட்டு, தீ மருந்தைத் தொட்டது. ஓடம் அப்பொழுது மக்கிள்ஸ்பீல்ட் பாலத்தின்கீழ்ச் சென்றுகொண்டிருந்தமையாற் பாலம் சிதறியது. கரை உயரமாயிருந்தமையால் நகரந் தப்பியது. ஓடத்திலிருந்த மூவர் இறந்தனர். மருந்தையும் எண்ணெயையும் ஒரே ஓடத்தில் ஏற்றலாகாதென்று கூற விஞ்ஞானம் வேண்டியதில்லை. எம்மூர்ப் பெட்டிக்கடைக்காரனும் கூறுவான். ஆயின் அதனைக் கூறும் அதிகாரம் அன்று எவருக்கும் இருக்கவில்லை.

1875இல் வெடிபொருட் சட்டம் நிறைவேறிற்று. அதன் அமைப்பில் மஜெண்டியின் கை உண்டு. உரிமமின்றி வெடிபொருள் செய்தலும் வைத்தலும் குற்றம்; ஒவ்வோர் அபாயக் கட்டடத்துக்கும் பொருளின் அளவும் ஆட்களின் தொகையும் வரையறுக்கப்பட்டன; இடைத்தூரம் விதிக்கப்பட்டது; விபத்து நிகழ்ந்தால் அறிவித்தல் கடமையாயிற்று; பரிசோதகர் எந்நேரமும் உட்புகலாம். பிரித்தானிய ஆட்சி பரவிய பிறநாடுகளின் வெடிபொருட் சட்டங்களிலும் இதன் சாயலைக் காணலாம். யாம் மிகவும் மதிப்பது வேறொன்று. பரிசோதகர்கள் ஆண்டுதோறும் ஒவ்வொரு விபத்தையும், ஒரு விரல் இழந்த சிறு விபத்தாயினும், காரணத்தோடு எழுதி அச்சிட்டு வெளியிட்டனர். ஓர் ஆலையில் நேர்ந்த துன்பம் பிற ஆலைக்குப் பாடநூலாயிற்று. வணிகர் தம் தவற்றை மறைக்க விரும்பும் உலகில் இது சிறிய செயலன்று.

உடைந்த அப்பாலத்தைப் பின்னர் அதே இரும்புத் தூண்களைக் கொண்டே கட்டினர். ஓடமிழுக்குங் கயிறு உராய்ந்த தழும்பு தூணின் ஒருபக்கத்தில் முன்பே இருந்தது; தூணைத் திருப்பி நிறுத்தினமையால் மறுபக்கத்திலும் கயிறு புதிய தழும்பிட்டது. இலண்டனிலுள்ள எம் பழைய மாணவர் அவ்வழி செல்லின் இரண்டையுங் காணலாம்.

சட்டம் வந்தது, பரிசோதகரும் வந்தனர். ஆயினும் அறிஞர் கூறுவதைக் கேளாமல் விடுவதற்குக் காரணங்களும் வந்துகொண்டேயிருந்தன. அவற்றுள் வலியது, 'இப்பொழுது அவசரம்' என்பது. முதலாம் உலகப் போரில் 1915இற் பிரித்தானியப் படைக்குக் குண்டு போதவில்லை. டி.என்.டி. என்னும் வெடிபொருளைத் தூய்மைசெய்ய இலண்டனின் கீழ்ப்பகுதியில் சில்வர்டவுன் என்னுமிடத்தில் வெறுமையாய்க் கிடந்த சோடா ஆலையொன்று தெரிந்தெடுக்கப்பட்டது. சுற்றிலும் தொழிலாளரின் குடிமனைகள். இத்தூய்மையாக்கல் முறையை வகுத்த நிறுவனத்தின் இரசாயனர் பிரான்சிஸ் ஃப்ரீத், அவ்வேலை அங்கே நடத்துவது மிக அபாயமென்றும், ஆலை என்றோ ஒருநாள் வெடித்துப் போகுமென்றும் மாதந்தோறும் எழுதிவந்ததாகப் பிற்காலத்திற் கூறினார். அபாயத்துக்கு ஈடாக வெடிபொருள் கிடைக்கின்றதே என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. 1917 ஜனவரி 19ஆந் திகதி மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் உருக்கும் பகுதியில் தீப்பற்றி, ஏறத்தாழ 50 தொன் வெடித்தது. 73 பேர் இறந்தனர். 60,000க்கு மேற்பட்ட வீடுகள் பழுதுற்றன. இரவு வேலையாட்கள் குறைவாயிருந்தமையாலன்றோ தொகை இவ்வளவில் நின்றது!

அங்கே தலைமை இரசாயனராயிருந்தவர் அன்ட்ரியா ஏஞ்சல் என்பவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பித்தவர். போர்க் காலத்திற் பணிபுரிய முன்வந்தவர். தீ மூண்டபொழுது ஓடித் தப்புவதற்கு அவருக்கு நேரமிருந்தது. பிறரை வெளியேற்றுவதிலும் தீயோடு பொருவதிலும் அந்நேரத்தைச் செலவிட்டு மாண்டார். இறந்தபின் அவருக்கு எட்வேட் பதக்கம் வழங்கப்பட்டது. ஆசிரியத் தொழிலைச் சேர்ந்த ஒருவராகலின் அவரை ஈண்டு நினைவுகூர்ந்தோம். விசாரணைக் குழுவின் அறிக்கையோ 1950களிலேதான் வெளிவந்தது. ஆண்டுதோறும் விபத்தை அச்சிட்டு உலகறியச் செய்த அதே நாட்டில் இவ்வறிக்கை முப்பது ஆண்டுக்கு மேல் பூட்டியிருந்தது வருந்தத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால், அறிஞர் சொல்வது எப்பொழுதும் சரி, கேளாதவர்மீதே பிழை என்று மாணவர் முடிவு செய்துவிடலாகாது. அறிஞரே தவறிய வரலாறு இதனிலும் கொடியது. ஜேர்மனியில் இரைன் நதிக்கரையில் ஒப்பாவ் என்னுமிடத்திற் பெரும் பசளையாலையொன்று இருந்தது. அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் கலந்த பசளை அங்கே களஞ்சியத்தில் மலைபோற் குவிக்கப்படும். அது ஈரமுறிஞ்சிக் கல்லாய் இறுகிவிடுதலால், மண்வெட்டியால் அள்ளவியலாது. தைனமைற்று முதலிய வெடியைச் சிறிதளவு வைத்துத் தளர்த்துவர். வாசகர் திடுக்கிடுதல் வேண்டாம், அறிந்தே செய்தனர். இரசாயனர் முன்னரே சோதித்திருந்தனர்; நைத்திரேற்றுப் பங்கு ஓரெல்லைக்கு உட்பட்டிருப்பின் அக்கலவை வெடியாது எனக் கண்டிருந்தனர். அவ்வாறு வெடிவைத்துத் தளர்த்திய செயல் ஏறத்தாழ 20,000 முறை தீங்கின்றி நிகழ்ந்தது. இருபதினாயிரம்! எந்த அறிஞருக்கும் இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

1921 செப்டெம்பர் 21ஆந் திகதி காலை ஏழரை மணிக்கு, அடுத்த முறை வெடிவைத்தனர். 4,500 தொன் அடங்கிய களஞ்சியத்தில் ஒரு பகுதி வெடித்தது. 550க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆலை நின்ற இடத்திற் பெருங்குளம் ஒன்று கிடந்தது. நிகழ்ந்தது என்ன? அவ்வாண்டுத் தொடக்கத்திற் பசளையை உலர்த்தும் முறையை மாற்றியிருந்தனர். தூவியுலர்த்தும் புதுமுறையால் ஈரம் குறைந்தது, மணிகள் நுண்மையாயின, குவியலின் செறிவு தளர்ந்தது, கலவையும் எங்கும் ஒரே சீராய் அமையவில்லை. பழைய பசளைக்குச் செய்த சோதனை பழைய பசளைக்கே உண்மை. பெயர் மாறவில்லை, விகிதமும் ஏட்டிலே மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைந்த காலத்தின் முன்னரே, மேற்சிலேசியாவிற் கிரீவால்ட் என்னுமிடத்தில் இறுகிய அமோனியம் நைத்திரேற்றை வெடிவைத்துத் தளர்த்தப்போய்ப் 19 பேர் இறந்திருந்தனர். அது தூய நைத்திரேற்று, எமது கலவை வேறு என்று கருதினர் போலும்.

எம் மாணவரிடம் இதனைப் பற்றிக் கேட்டபொழுது, 'அந்த 20,000 என்ற எண்ணைத்தான் சேர் எங்கள் தொழிலில் முதலிற் படிப்பிக்க வேண்டும்' என்றார். பலமுறை தீங்கின்றி நடந்ததென்பது, எந்த நிபந்தனையால் தீங்கின்றி நடந்தது என்று அறிந்தாலன்றிச் சான்றாகாது. நிபந்தனை எது என்று கேட்பவரே அறிஞர். நடந்த தொகையை எண்ணுபவர் கணக்கர்.

இதனை முறையாகக் கேட்பதற்கு ஒரு கருவியைப் பிரித்தானியாவின் இம்பீரியல் இரசாயனக் கைத்தொழில் நிறுவனத்தார் 1960களில் வகுத்தனர். அதனைப் படித்தபொழுது எமக்குண்டான மகிழ்ச்சி தமிழாசிரியர்க்கே உரியது. ஏனெனில் அது ஓர் இலக்கண முறை. ஆலையின் படத்தை மேசைமேல் விரித்து, பொறியியலாளரும் இரசாயனரும் ஆலையை இயக்குபவரும் சுற்றியிருந்து, ஒவ்வொரு குழாயையும் கலத்தையும் எடுத்து, குறிப்பிட்ட சில சொற்களை அதனோடு சேர்த்துப் பார்ப்பர். 'இல்லை', 'மிகை', 'குறை', 'மறுதலை', 'ஒரு பகுதி', 'உடன் பிறிதும்', 'முற்றும் பிறிது' என்பன அச்சொற்கள். நீரோட்டம் இல்லையானால் என்னாகும்? மிகையானால்? எதிர்த்திசையில் ஓடினால்? நீரோடு அமிலமும் வந்தால்? ஒப்பாவிலே 'ஈரம் குறை' என்னும் இரண்டு சொற்களை எவரேனும் மேசையிற் சேர்த்துப் பார்த்திருப்பின்! எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு பார்க்கும் மாணவனுக்கு இத்தொழிலிலும் இடமுண்டென்க.

சொல்லைப் பேணுதல் அறிஞருக்கு வேறு வகையாலும் வேண்டும். பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'ஆபத்து' என்றே எழுதிவிடுகின்றன. துறையினரோ இரண்டைப் பிரிப்பர். பொருளின் இயல்பிலே உறையுந் தீமை ஒன்று. அதனை ஏதம் எனலாம். அத்தீமை இன்ன இடத்தில், இத்தனை பேர்மீது, எத்துணை எளிதில் வந்து விழும் என்பது மற்றொன்று. அதனை இடர் எனலாம். தைனமைற்றின் ஏதத்தை எவராலும் போக்கவியலாது. போக்கினால் அது தைனமைற்றன்று. இடரைக் குறைக்கலாம். ஸ்கொத்துலாந்தின் ஆடீர் என்னுமிடத்தில் நொபெல் நிறுவிய ஆலையில், நைத்திரோகிளிசரின் கலத்தின் வெப்பமானியைப் பார்த்திருக்கும் தொழிலாளிக்கு ஒற்றைக்கால் இருக்கை கொடுத்தனர். உறங்கினால் விழுவான், விழுந்தால் விழிப்பான். இது இடரைக் குறைத்த செயல். இதனை நகைப்பாரும் உளர். எம் பாட்டனார் கிணற்றடி முதியவரையும் நகைத்தோமன்றோ?

பரிசோதகருக்கும் ஆலோசகருக்கும் ஒரு வேறுபாடுண்டு. பரிசோதகர் அரசினரின் சம்பளத்தில் வாழ்பவர். உரிமத்தை நிறுத்தும் அதிகாரமுடையவர். ஆலோசகரை அழைப்பவரும் ஆலைக்காரர், ஊதியம் கொடுப்பவரும் அவரே. தமக்குச் சோறிடும் கைக்கு எதிரே 'நிறுத்துக' என்று கூறவேண்டிய நிலை அவருடையது. வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் அரசனை இடித்துரைக்கும் துணைவரைப் பற்றிக் கூறினார். அத்துணைவரின் உள்ளம் எவ்வாறிருக்குமென்று யாம் வகுப்பில் ஒருநாளும் கேட்டிலேம்.

இடித்துரைத்தும் பயனில்லாதொழிவதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2013இற் பெய்ரூத் துறைமுகத்தை அடைந்த 'ரோசஸ்' என்னுங் கப்பலின் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று அங்கே களஞ்சியத்தில் இறக்கி வைக்கப்பட்டது. அதனை அகற்றுமாறு சுங்க அதிகாரிகள் பன்முறை கடிதம் எழுதினர். ஆண்டுகள் சென்றன, ஒன்றும் நிகழவில்லை, ஆதலின் எவரும் அசைந்திலர். 2020 ஆகஸ்ட் 4ஆந் திகதி மாலை நகரத்தின் ஒரு பகுதி அழிந்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடிதங்கள் கோவையில் இருந்தன.

எம் மாணவர் திரும்பிச் செல்வதற்கு முந்திய நாள் மறுபடி வந்தார். ஓர் ஆலைக்குப் போனால் முதலில் எதனைப் பார்ப்பீர் என்று கேட்டோம். பெரிய இயந்திரங்களைக் கூறுவாரென்று எண்ணினோம். 'துடைப்பம் எங்கே தொங்குகிறது, காலணி மாற்றும் இடத்திற் கோட்டைத் தாண்டி மண் கிடக்கிறதா, சுவரில் எழுதிய ஆட்தொகையும் உள்ளே நிற்கும் ஆட்தொகையும் ஒன்றா, இவற்றைத்தான் சேர்' என்றார். பின்பு தயங்கி ஒன்று கூறினார்.

சில ஆண்டின் முன்னர் ஓரிடத்திற்கு அவரை அழைத்தனராம். பெயரை அவர் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை. பொதிகட்டுங் கட்டடத்தில் வைக்கக்கூடிய அளவு சுவரில் எழுதியிருந்தது. மாத நடுவிற் சென்றபொழுது எல்லாம் ஒழுங்கு. மாதக் கடைசியில், அறிவியாமற் சென்றார். அனுப்பவேண்டிய சரக்கு குவிந்து, அளவு இருமடங்குக்கு மேலிருந்தது. வழக்கமாக அப்படித்தானாம். அறிக்கையில் அதனை எழுதினார். அவ்வரியை மாத்திரம் நீக்கித் தருமாறு மரியாதையாகக் கேட்டனர். நீக்காமற் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவரை அழைக்கவில்லை, வேறொருவர் வந்தார், அவ்வரி இல்லாத அறிக்கையொன்று எழுதப்பட்டது.

'பிறகு என்ன நடந்தது, தம்பி?' என்று கேட்டோம்.

'இன்றுவரை அங்கே ஒன்றும் நடக்கவில்லை, சேர்' என்றார். அவ்வூர்ச் செய்தியை நாள்தோறுங் காலையில் எடுத்துப் பார்ப்பது தமக்கு வழக்கமாகிவிட்டதென்றும் கூறினார். பேருந்துக்கு நேரமாகிவிட்டமையால் எழுந்து விடைபெற்றார்.